டிஸ்னி பூங்காக்களுக்கு மேலே 3000 அடி: தடை எதைத் தடுக்கிறது, இரைச்சல் எங்கிருந்து வருகிறது

அமெரிக்காவில் இரண்டு பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு மேல் மட்டும் நிரந்தரமாக ஒரு பறப்புத் தடை இருக்கிறது. ஒன்று ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவுக்குத் தென்மேற்கே உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு, மற்றொன்று கலிபோர்னியாவின் அனஹைமில் உள்ள டிஸ்னிலேண்டு. ஒவ்வொன்றையும் சுற்றி 3 கடல் மைல், அதாவது 5.56 கிலோமீட்டர் ஆரத்துக்கு, தரையிலிருந்து 3000 அடி (914 மீட்டர்) வரை விமானங்கள் பறக்கக் கூடாது. இந்த உருளையின் குறுக்களவு 11 கிலோமீட்டர், உயரமோ ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 30 சென்டிமீட்டர் அகலமும் இரண்டரை சென்டிமீட்டர் தடிமனும் உள்ள தோசைக்கல்லை நினைத்துக்கொண்டால் அளவு சரியாக இருக்கும். இந்தத் தட்டை வடிவத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

ஆவணங்களில் இதன் பெயர் ‘தற்காலிகப் பறப்புத் தடை’. ஆனால் 2003 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் 352-ஆம் பிரிவு இதற்கு வலுவூட்டியதால், இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நீடிக்கிறது. 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து ஆணையம் இதற்கான ‘நோட்டாம்’ (விமானிகளுக்கான) அறிவிப்புகளை மறுபடி வெளியிட்டது. சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பு. இரைச்சல் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. 30,000 பேருக்கு மேல் அமரும் விளையாட்டரங்கங்களில் பெரிய லீக் பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து, பெரிய கார் பந்தயங்கள் நடக்கும்போதும் இதே 3 கடல் மைல், 3000 அடி அளவுதான். ஆனால் அங்கே ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை மட்டும். டிஸ்னியில் 24 மணி நேரமும், 365 நாளும்.

நிலத்தின் உரிமையாளர் தன் தலைக்கு மேலுள்ள காற்றைச் சொந்தம் கொண்டாட முடியாது என்பதால்தான் இவ்வளவு சுற்றுவழி. 1946-இல் காஸ்பி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வட கரோலினாவில் ஒரு கோழிப் பண்ணைக்கு மேல் 83 அடி உயரத்தில் ராணுவ விமானங்கள் இறங்கின. மிரண்ட கோழிகள் சுவரில் மோதியே சுமார் 150 செத்தன. அவ்வளவு தாழ்வாகப் பறந்தால் நிலத்தையே பறித்ததற்குச் சமம் என்று இழப்பீட்டு உரிமையை ஏற்ற நீதிமன்றம், வானம் முழுவதும் நிலக்காரருடையது என்ற பழைய கோட்பாடு நவீன உலகில் செல்லாது என்றும் சொன்னது. ஆகவே ஒரு நிறுவனம் தன் பூங்காவின் மேல் வானை மூட வேண்டுமானால் மத்திய அரசு வழியாகத்தான் முடியும்.

இனி இரைச்சலுக்கு வருவோம். நான்கு சிலிண்டர் எஞ்சினும் இரண்டு இதழ் புரொப்பெல்லரும் கொண்ட சிறு விமானம் நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடுகிறது என்று கொள்வோம். நொடிக்கு 40 சுற்று. இரண்டு இதழ் என்பதால் காற்று நொடிக்கு 80 முறை அடிபடுகிறது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரியும். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துப் பார்த்தால் அதுவும் நொடிக்கு 80. புரொப்பெல்லரும் புகைக்குழாயும் ஒரே சுருதியில், 80 ஹெர்ட்ஸில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. சிறு விமானத்துக்கே உரிய அந்த அடித்தொண்டை உறுமல் இதனால் வருகிறது.

ஆனால் எரிச்சலூட்டும் பகுதி, அந்த இதழ் காற்றைக் கிழிக்கும் ஓசை, வேறிடத்தில் பிறக்கிறது: இதழின் நுனியில். 1.93 மீட்டர் குறுக்களவுள்ள புரொப்பெல்லர் 2700 சுற்றில் சுழன்றால் நுனி நொடிக்கு 273 மீட்டர் வேகத்தில் ஓடும். அது ஒலியின் வேகத்தில் 80 விழுக்காடு. அதே புரொப்பெல்லரை 2300 சுற்றுக்குக் குறைத்தால் 232 மீட்டர், 68 விழுக்காடு. மாறாக 2.18 மீட்டர் இதழைச் நீரில் இறங்கி ஏறும் சில மிதவை விமானங்களைப் போல 2850 சுற்றில் ஓட்டினால் நுனி 325 மீட்டரைத் தொடும். ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கச் சத்தம் படிப்படியாகக் கூடுவதில்லை, செங்குத்தாக ஏறுகிறது. ஏரிப்பக்கத்து வீடுகளில் ஒரே விமானம் கிளம்பினாலும் ஊரே திரும்பிப் பார்ப்பது இதனால்தான்.

தொலைவு எவ்வளவு உதவும்? தொலைவு இருமடங்கானால் 6 டெசிபல் குறையும். 1000 அடியிலிருந்து 3000 அடிக்கு ஏறினால் 9.5 டெசிபல். மனிதக் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ பாதியானது போலத் தோன்றும். கீச்சொலிகளைக் காற்றே உறிஞ்சிவிடுவதால் அவை இன்னும் வேகமாக மறையும், 80 ஹெர்ட்ஸ் உறுமலைக் காற்று கிட்டத்தட்டத் தொடுவதேயில்லை. அளவுகோலிலும் ஒரு சிக்கல் உண்டு. மனிதக் காதின் உணர்திறனுக்கேற்பத் திருத்தி, வழக்கமாகப் பயன்படும் ‘டிபிஏ’ டெசிபல் அளவீடு 80 ஹெர்ட்ஸ் ஒலியை 22 டெசிபலுக்கு மேல் தள்ளுபடி செய்துதான் கணக்கில் எடுக்கிறது. கருவி ‘அமைதி’ என்று காட்டும் இடத்தில் மக்கள் உறுமல் கேட்கிறது என்று புகார் சொன்னால், அவர்கள் பொய் சொல்லவில்லை.

இப்போது தோசைக்கல்லுக்குத் திரும்புவோம். பூங்காவின் நட்டநடுவே நிற்பவருக்கு, தடை எல்லைக்கு வெளியே 1000 அடியில் பறக்கும் விமானம் ஐந்தரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தலைக்கு நேர் மேலே 3000 அடியைச் சற்றுத் தாண்டிப் பறப்பதோ 900 மீட்டர் சொச்சம்தான். இரண்டும் சட்டப்படி சரி. ஆனால் இரண்டாவது விமானம் 15 டெசிபலுக்கு மேல் கூடுதலாக ஒலிக்கும். இரைச்சலைக் குறைப்பது நோக்கமாக இருந்தால் எவரும் இப்படித் தட்டையான உருளையை வரைந்திருக்க மாட்டார்கள்.

இந்த வடிவம் உண்மையில் அடியோடு ஒழிப்பது பேனர் விமானத்தை. வாசகத் துணியை இழுத்துச் செல்லும் அந்த விமானங்களில் எழுத்துகள் பொதுவாக 5 அடி அல்லது 7 அடி உயரம். கண் மருத்துவர் பலகையின் 6/6 வரியை வாசிக்க, எழுத்து நம் கண்ணில் ஒரு பாகையின் அறுபதில் 5 பங்கு கோணத்தை அடைக்க வேண்டும். 3000 அடியில் தொங்கும் 5 அடி எழுத்து, மிகச் சாதகமான 45 பாகைச் சாய்வில் பார்த்தாலும் 2.9 பங்குதான் அடைக்கும். நேர் மேலே வந்தால் துணியின் விளிம்புதான் தெரியும். 7 அடி எழுத்தானாலும் 4 பங்கு. அதே 5 அடி எழுத்து 1000 அடியில் 8.6 பங்கு, தாராளமாக வாசிக்கலாம். எல்லைக்கு வெளியே ஐந்தரை கிலோமீட்டரில் ஒரு பங்குகூடத் தேறாது. தடை வந்தபோதே, இது பாதுகாப்பின் பெயரில் விளம்பர விமானங்களை விரட்டும் வேலை என்று விமானிகள் தரப்பில் குரல் எழுந்தது. கணக்கு அந்தக் குரலுக்குச் சாதகமாகவே இருக்கிறது என்பது என் கருத்து. 10,000 அடியில் புகையால் எழுதும் விமானங்களை இந்தத் தடை தொடவே இல்லை. எஞ்சினின் சூடான புகைக்குழாயில் பாரஃபின் எண்ணெயைப் பீய்ச்சி, நூற்றுக்கணக்கான மீட்டர் உயர எழுத்துகளை அவர்கள் ஆர்லாண்டோ வானில் தாராளமாக எழுதுகிறார்கள்.

ஆனாலும் பேனர் விமானம் போனதால் இரைச்சலும் குறைந்தது என்பது உண்மை. துணியின் இழுவையைத் தாங்க எஞ்சின் முழு வலுவில் உழைக்கும், வேகமோ மணிக்கு 45 கடல் மைலுக்குப் பக்கம். மணிக்கு 100 கடல் மைலில் நேராகக் கடக்கும் விமானம் தடை வட்டத்தின் 6 கடல் மைல் குறுக்களவை மூன்றரை நிமிடத்தில் முடித்துவிடும். பேனர் விமானம் கூட்டத்துக்கு மேலேயே வட்டமடிக்கும்.

தடைக்குள் நுழைய அனுமதி உள்ளவர்களும் உண்டு. கட்டுப்பாட்டு நிலையத்தோடு தொடர்பில் இருக்கும் ராணுவம், காவல், மருத்துவ ஹெலிகாப்டர்கள் போகலாம். அருகிலுள்ள நிலையங்களில் வழக்கமான நடைமுறைப்படி இறங்கி ஏறும் விமானங்களும் கட்டுப்பாட்டாளரின் அனுமதியோடு கடக்கலாம். பயணிகள் விமானச் சத்தம் பூங்காவில் கேட்பது இதனால் நிற்காது.

விமானி தவறுவது பெரும்பாலும் உயரக் கணக்கில். தடை ‘தரையிலிருந்து’ 3000 அடி, உயரமானி காட்டுவது கடல் மட்டத்திலிருந்து. டிஸ்னி வேர்ல்டின் தரை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 100 அடி இருப்பதால், முள் 3000-இல் நின்றால் விமானம் தடைக்குள்தான். உயரமானியில் வைக்கும் காற்றழுத்த அமைவை 0.1 அங்குலம் (பாதரச அளவில்) தவறாக வைத்தால் இன்னொரு 100 அடி பிசகும். குறைந்தது 3500 வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அங்கே ஆர்லாண்டோ விமான நிலையத்தைச் சுற்றிய, கட்டுப்பாட்டுக்குட்பட்ட பி வகுப்பு வான்வெளியின் அடுக்குகள் இருக்கின்றன, அனுமதியின்றி அவற்றுக்குள் ஏறுவது அடுத்த மீறல். சுற்றிப் போவதே நிம்மதி. மீறினால் உரிமம் இடைநிறுத்தப்படலாம், தெரிந்தே மீறினால் குற்ற வழக்கும் வரலாம்.

இரைச்சலுக்கென்று இருப்பது வேறொரு தாள்: ஓசையால் பாதிக்கப்படும் இடங்களுக்கு மேல் 2000 அடிக்குக் கீழே பறக்காதீர்கள் என்ற விமான ஆணையத்தின் ஆலோசனை. கட்டாயம் இல்லை. அதைக் கடைப்பிடிக்கும் விமானி இன்னும் ஒன்று செய்யலாம். சுற்று வேகத்தைத் தனியாக மாற்ற முடிகிற புரொப்பெல்லர் என்றால், சமமட்டமாகப் பறக்கத் தொடங்கியதும் முதலில் திராட்டிலை (எஞ்சினின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) குறைத்து, பிறகு 2300 சுற்றுக்கு இறக்க வேண்டும். வரிசை மாறினால் எஞ்சினுக்குள் அழுத்தம் தேவையின்றி ஏறும். மறுபடி ஏற வேண்டும்போது முதலில் சுற்று, பிறகு திராட்டில். எந்த அழுத்தத்துக்கு எந்தச் சுற்று என்பதை அந்த விமானத்தின் கையேட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.