வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் குழந்தையை எப்போது அழைத்து வருவது?

குழந்தைகளின் காசநோயைப் பற்றிப் பேச வேண்டுமானால் பெரியவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு குழந்தைக்கு இந்நோய் வந்தால், அது பெரும்பாலும் அந்தக் குழந்தையோடு ஒரே வீட்டில் புழங்குகிற பெரியவர் ஒருவரிடமிருந்தே தொற்றியிருக்கும். மும்பையில் குழந்தைகளுக்கான தொற்றுநோய் மருத்துவராகப் பணிபுரியும் நான், தாராவியிலிருந்தும் ஆன்டாப் ஹில்லிலிருந்தும் வரும் நம் தமிழ்க் குடும்பங்களிடம் முதலில் கேட்பது, யார் யார் எந்த அறையில் படுக்கிறார்கள் என்பதைத்தான். பல வீடுகளில் இருப்பதே ஓர் அறையும் மேலே ஒரு பரணும்தான். ஆச்சியோடுதான் பேரப்பிள்ளை படுத்துக்கொள்ளும்.

"வீட்டில் யாருக்காவது டிபி உண்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். "இரண்டு வாரத்துக்கு மேல் யாராவது இருமுகிறார்களா? மாத்திரை சாப்பிட்டுப் பாதியில் நிறுத்தியவர் இருக்கிறாரா?" என்று கேட்டால் பதில் மாறும். யாரும் வேண்டுமென்று மறைப்பதில்லை. பெரியவர்களின் இருமலை பீடி, தோல் பட்டறைத் தூசி, ஆஸ்துமா என்று ஏதாவது ஒரு கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது.

இதில் குழந்தையின் வயது மிக முக்கியம். காசநோய்க் கிருமி தொற்றிய பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் நோயின்றியே இருப்பார்கள். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொற்றி, தடுப்பு மருந்தும் தரப்படாவிட்டால், ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோயாகவே மாறுகிறது. நூற்றில் 10 முதல் 20 குழந்தைகளுக்கு அது மூளையுறைக்கோ உடல் முழுவதுமோ பரவுகிறது. அதுவும் பெரும்பாலும் தொற்றிய ஓராண்டுக்குள் நடந்துவிடுகிறது. பிறந்தவுடன் போடும் பிசிஜி தடுப்பூசி இந்தக் கொடிய வடிவங்களிலிருந்து பெருமளவு காக்கிறது என்றாலும், முழுமையாகக் காப்பதில்லை.

ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றை இரண்டு வாரக் காய்ச்சலோடும் வாந்தியோடும் கொண்டுவந்தார்கள். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து அதற்கான மருந்துகளைக் கொடுத்திருந்தார்கள். தாய் தன் செல்பேசியில் இரண்டு நாட்களுக்கு முன் எடுத்த படத்தைக் காட்டி, "இடது கண்ணு உள்ளே போற மாதிரி இருக்கு, பாருங்க டாக்டர்" என்றார். மூளையில் நீரழுத்தம் கூடும்போது கண் அப்படித் திரும்பும். முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரும் ஸ்கேனும் மூளையுறைக் காசநோய் என்பதை உறுதிப்படுத்தின. குழந்தையின் தந்தை இரண்டு மாதங்களாகக் காசநோய் சிகிச்சையில் இருந்தார். குழந்தையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தலையில் தேங்கிய நீரை வடிக்க அறுவை சிகிச்சையும் ஓராண்டு மருந்தும் தேவைப்பட்டன. குழந்தை பிழைத்துக்கொண்டது, நடக்கவும் தொடங்கிவிட்டது; வலது கையில் மட்டும் இன்னும் பிடிமானம் குறைவாக இருக்கிறது.

நோயைக் கண்டறிவதும் எளிதன்று. சிறு குழந்தைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். ஆகையால் இரவு முழுவதும் வெறும் வயிற்றில் வைத்திருந்து, விடிகாலையில் மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இரவில் விழுங்கிய சளியை இரைப்பையிலிருந்து எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். குழந்தை அழுவதைக் காணும் பெற்றோருக்கு வேதனையாகத்தான் இருக்கும். ஆனால் கிருமி அகப்பட்டால், ரிஃபாம்பிசின் மருந்து அதற்கு வேலை செய்யுமா என்பதும் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் மிகுந்த மும்பையில் இந்த விவரம் விலைமதிப்பற்றது. குழந்தைகளின் உடலில் கிருமிகள் குறைவாகவே இருப்பதால், பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எக்ஸ்ரே, எடை, வீட்டுத் தொடர்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறோம்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. சரியாகச் சாப்பிடாத, அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குக் கையில் மாண்டூ என்னும் தோல் பரிசோதனை ஊசி போட்டு, அது தடித்ததை மட்டுமே வைத்து "பிரைமரி காம்ப்ளெக்ஸ்", அதாவது ஆரம்பக் காசநோய் என்று ஆறு மாதம் மருந்து கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தடிப்பு கிருமி தொற்றியிருக்கலாம் என்பதற்கான அடையாளம் மட்டுமே. நோய் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்த்துக் காசநோயைச் சொல்லும் பரிசோதனைகளை இந்திய அரசு 2012-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது.

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் என்று உறுதியானால், குழந்தைக்கு அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே அழைத்து வாருங்கள். "நல்லாத்தான விளையாடுதான், எதுக்கு டாக்டர் மாத்திரை?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமான கேள்வி. நன்றாக விளையாடும் குழந்தைக்குத்தான் தடுப்பு மருந்து. நோய் தொடங்கிவிட்டால் அது போதாது, முழுச் சிகிச்சை தேவை. ஆகவே முதலில் நோய் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, பிறகே ஐசோனியசிட் மருந்தை ஆறு மாதம் தினமும் தருகிறோம். இரண்டு வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் ஒருமுறையாக மூன்று மாதத்தில் முடியும் முறையும் உண்டு. இந்த இரண்டாவது முறையில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கண் மஞ்சளாகிறது, தொடர்ந்து வாந்தி வருகிறது என்றால் மட்டும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். தாய்க்கே காசநோய் என்றாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அவர் முகக்கவசம் அணிந்து பாலூட்டலாம், குழந்தைக்குத் தடுப்பு மருந்து தரலாம்.

வரும்போது நோயுற்ற பெரியவரின் பரிசோதனைச் சீட்டைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். அவருடைய கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படவில்லையோ, அந்த மருந்தைக் குழந்தைக்குக் கொடுத்துப் பயனில்லை.

மே மாத விடுமுறைக்கோ கோயில் கொடைக்கோ திருநெல்வேலிப் பக்கம் போகும் குடும்பங்களில் மருந்து அறுபடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கிளம்பும் முன் சுகாதார மையத்தில் சொன்னால் கூடுதல் நாட்களுக்கான மருந்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஊரில் நீண்ட நாள் தங்குவதானால், அரசின் காசநோய்ப் பதிவேட்டில் குழந்தைக்குத் தந்திருக்கும் நிக்‌ஷய் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்; அந்தப் பதிவைத் தமிழ்நாட்டு அரசு மையத்துக்கு மாற்றி, மருந்தை அங்கேயே இலவசமாகப் பெற முடியும்.