புத்தகம் எங்கே என்று கேட்கும் பெற்றோருக்கு: இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம்

"டீச்சர், இவனுக்குப் புத்தகமே குடுக்கிறாங்கள் இல்லை. வீட்டில என்னத்தைப் பார்த்துப் படிப்பிக்கிறது?"

பெற்றோர் சந்திப்பில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து நிமிடம்தான். இயர் 1 (ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) படிக்கும் ஒரு பையனின் அம்மா உட்கார்ந்ததும் கேட்டது இதைத்தான். லண்டனில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக வேலை செய்யும் என்னிடம் தமிழ்ப் பெற்றோர் அதிகம் கேட்பதும் இதுவே. நியாயமான கேள்வி. நாமெல்லாம் பாடப் புத்தகத்தோடு வளர்ந்தவர்கள். எத்தனையாம் பக்கம் நடக்கிறது என்று பார்த்தால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். இங்கே அந்தப் பக்க எண் கிடையாது.

இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டம் 1988-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தோடு வந்தது. இப்போது நடப்பது 2014-இல் நடைமுறைக்கு வந்த வடிவம். எந்த வயதுக்குள் பிள்ளைக்கு என்னென்ன கற்பிக்க வேண்டும் என்பதை அரசு அதில் எழுதிவைத்திருக்கிறது. எந்தக் கதையை வைத்து, எந்த மாதம், எந்த விதமாக என்பது பள்ளியின் கையில்.

பள்ளி வயதை நான்கு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கீ ஸ்டேஜ் 1 என்றால் இயர் 1, 2. கீ ஸ்டேஜ் 2 என்றால் இயர் 3 முதல் 6 வரை. மற்ற இரண்டும் செகண்டரியில் வரும், பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத் தேர்வோடு முடியும். இயர் 1-க்கு முந்தைய ரிசெப்ஷன் வகுப்புக்குத் தனி ஏற்பாடு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்களுக்கு வேறு பாடத்திட்டம்.

வரலாறு, அறிவியல் போன்ற பாடங்களில் ஒரு கட்டத்துக்குள் எதை முன்னால் நடத்துவது, எதைப் பின்னால் நடத்துவது என்று பள்ளி மாற்றிக்கொள்ளலாம். அக்கா மகன் வேறு பள்ளியில் இயர் 3-இலேயே ரோமர்களைப் படித்துவிட்டான், நம் மகள் இயர் 4 வந்தும் படிக்கவில்லை என்றால் பதற வேண்டாம். இயர் 6 முடிவதற்குள் படித்தால் சரி. உங்கள் பள்ளி எந்த ஆண்டில் எதை நடத்துகிறது என்பதைப் பள்ளியின் இணையதளத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கம்தான் உங்கள் பாடப் புத்தகம். டெர்ம் தொடங்கும்போது ஒரு தடவை திறந்து பாருங்கள்.

வாய்பாடு விஷயத்தில் நம் வீடுகளில் நிறையக் குழப்பம். இயர் 2-இல் 2, 5, 10 வாய்பாடுகள். இயர் 3-இல் 3, 4, 8. இயர் 4 முடிவதற்குள் 12 வரை எல்லாம். "ஆறையும் ஏழையும் விட்டுவிட்டு எட்டா?" என்று கேட்பார்கள். இரண்டை இரட்டித்தால் நான்கு, நான்கை இரட்டித்தால் எட்டு. அந்த உறவைப் பிள்ளை பிடித்துக்கொண்டால் இந்த மூன்று வாய்பாடுகளும் ஒன்றாகிவிடும். இயர் 4 ஜூனில் கணினியில் ஒரு சோதனை உண்டு: 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி, வரிசை கலைந்து வரும். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று ராகமாகச் சொல்லிப் பழகிய பிள்ளை, ஏழெட்டு எவ்வளவு என்றால் முதலிலிருந்து ஓடிவரும். வந்து சேர்வதற்குள் 6 விநாடி போய்விடும். மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது நல்ல பழக்கம். சொல்லி முடித்த அப்புறம், சோறு போடும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நடுவிலிருந்து ஒன்றைக் கேளுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் மனம் உடைந்துபோகும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். 'எக்ஸ்பெக்டட்' என்று எழுதியிருந்தால் "சுமார்தான்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வயதுக்குப் பாடத்திட்டம் கேட்பதைப் பிள்ளை எட்டிவிட்டது என்பதே அதன் பொருள். தொடக்கப் பள்ளி முடியும் இயர் 6-இல், மே மாதம் நாடு முழுவதும் நடக்கும் சாட்ஸ் தேர்விலும் அப்படித்தான். மதிப்பெண் 80 முதல் 120 வரை அளவிடப்படும். 100 வந்தால் எட்டியாயிற்று. 103 என்பது சதவீதம் இல்லை. தயவுசெய்து பிள்ளையின் முன்னால் முகம் வாடாதீர்கள்.

இன்னொன்று லெவன் பிளஸ். தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் செகண்டரிப் பள்ளியான கிராமர் ஸ்கூலுக்கான அந்தத் தேர்வு தேசியப் பாடத்திட்டத்தில் இல்லை. அதில் வரும் சொற்புதிர், படப்புதிர் வகைக் கேள்விகளைப் பள்ளி நடத்துவதும் இல்லை. டியூஷனில் அவற்றைப் பார்த்துவிட்டு "பள்ளியில் ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை" என்று சொல்வது சரியல்ல. டியூஷனுக்கு அனுப்புவது உங்கள் முடிவு. இரண்டும் வேறு வேறு என்று தெரிந்து அனுப்புங்கள்.

சரி, அந்த அம்மாவுக்கு வருகிறேன். அவருடைய பையனுக்கு அந்த ஜூனில் போனிக்ஸ் சோதனை, அதாவது எழுத்துகளின் ஒலியைக் கூட்டி வாசிக்கும் சோதனை இருந்தது. 40 சொற்களை வாசிக்க வேண்டும். அவற்றில் 20 பொருளே இல்லாத சொற்கள், பக்கத்தில் ஒரு வினோத ஜந்துவின் படம் இருக்கும். "இல்லாத சொல்லை ஏன் படிப்பிக்கிறீங்கள்?" என்றார். இருக்கும் சொல்லைப் பிள்ளை பார்த்த ஞாபகத்தில் சொல்லிவிடலாம். இல்லாத சொல்லை ஒலி கூட்டித்தான் வாசிக்க முடியும். அதைத்தான் சோதிக்கிறோம்.

வீட்டில் 'எஸ், யூ, என், ஸன்' என்று அவர் சொல்லிக்கொடுக்கிறார். வகுப்பில் நாங்கள் எழுத்தின் பெயரை முதலில் சொல்வதில்லை, ஒலியைச் சொல்கிறோம். அவரைச் சொல்லச் சொன்னேன். "ஸ, அ, ன" என்றார். சேர்த்தால் 'ஸஅன' என்றுதான் வரும். பையனும் அப்படியே வாசித்துத் திணறிக்கொண்டிருந்தான். ஒரு தாளில் 'ஸ', 'ன' என்று தமிழில் எழுதி, இரண்டின் தலையிலும் புள்ளி வைத்தேன். ஸ், அ, ன்.

"மெய்யெழுத்தா?" என்றார்.

அதேதான். உயிர் ஒட்டாத ஒலி. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெற்றோருக்கு இதைப் புரியவைக்க எனக்குப் பல நிமிடங்கள் ஆகும். இவருக்கு ஒரு புள்ளி போதுமாக இருந்தது. வீட்டில் தமிழ் பேசுவதைக் குறைக்கலாமா என்று கேட்கத்தான் நினைத்து வந்தாராம். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கதவுக்கு வெளியே நின்ற மகனிடம், "தம்பி, ம் சொல்லு பாப்பம். வாயைத் திறக்காமல்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.