ஆப்டர் சேவ் ஏன் எரிகிறது?

"ஆப்டர் சேவ் எரிந்தால்தான் கிருமி சாகுமாம், உண்மையா? மகன் வாங்கி அடுக்கும் கிறீம்கள் எல்லாம் தேவைதானா?" என்று யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார்.

முதலில் சவரம். தாடி மயிர் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. காய்ந்த மயிரை வெட்டுவது கடினம். இளஞ்சூட்டு நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் மென்மையாகிவிடும். அந்த ஈரத்தைப் பிடித்து வைப்பதும் பிளேட்டை வழுக்கவிடுவதும்தான் நுரையின் வேலை. நம்மூர்க் கிணறுகள் சுண்ணக்கல் நிலத்தில் இருப்பதால் தண்ணீரில் கல்சியம் அதிகம். அது சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகிவிடும், நுரை எழும்பாது. கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு பேணி எடுத்து வைத்தால் வித்தியாசம் தெரியும். கேத்தல் அடியில் ஒட்டிக்கொள்வது அந்தக் கல்சியம்தான்.

சரி, எரிவுக்கு வருவோம். நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. வெப்பநிலை ஏறக்குறைய 42 பாகை செல்சியசைத் தாண்டினால் அது திறந்து, 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் கப்சைசினும் இதே புரதத்தைத்தான் திறக்கிறது. கூழ் உறைத்து நாக்கு எரிவது அதனால்தான். 1997இல் இந்தப் புரதத்தை இனங்கண்ட டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மிளகாய் ஏன் உறைக்கிறது என்று ஆராயக் காசு கேட்டால் இங்கே சிரிப்பார்கள்!

சவரத்துக்குப் பின் பூசும் ஆப்டர் சேவில் இருக்கும் அல்ககோல் செய்யும் குறும்பு வேறு மாதிரி. அது அந்த 42 என்ற எல்லையையே 34 அளவுக்கு இறக்கிவிடுகிறது. முகத்தோலின் இயல்பான சூடு கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, கன்னத்தில் வெளியிலிருந்து எந்தச் சூடும் வரவில்லை; உங்கள் சொந்த உடம்புச் சூட்டையே நரம்பு நெருப்பு என்று அறிவிக்கிறது. பிளேட் தோலின் மேற்படையையும் கொஞ்சம் சுரண்டிவிடுவதால் அல்ககோல் சுலபமாக உள்ளே போகிறது. சவரம் செய்யாத கன்னத்தில் பூசினால் இந்த எரிவு அவ்வளவாகத் தெரியாது. அதில் கலந்திருக்கும் மென்தோல் (menthol) என்ற புதினாச் சத்தால் பின்னால் வரும் குளிர்ச்சியும் பாதி மாயம்தான். மென்தோல் குளிரை உணரும் வேறொரு புரதத்தைத் தட்டிவிடுகிறது.

அல்ககோல் கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் எரிவு அதற்கு அளவுகோல் அல்ல. படிகாரக் கல் கீறலில் இரத்தத்தை நிறுத்தும், ஆனால் சலூனில் ஒரே கல்லை ஆளாளுக்குத் தேய்ப்பதை நான் விடமாட்டேன். புது பிளேட்டா என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். செவ்வாய், வெள்ளியில் சேவ் எடுக்கக்கூடாது என்று கிழமை பார்ப்பவர்கள் பிளேட்டைப் பார்ப்பதில்லை.

மகனின் போத்தல்களில் ஈரப்பதன் கிறீம் ஒன்று இருந்தால் போதும். 'ஆண்களுக்கு' என்று கறுப்பு டப்பாவில் வருவதிலும் பெரும்பாலும் அதே கிளிசரின்தான், விலைதான் வேறு. மேலும் ஒன்றுக்குக் காசு இருந்தால் சன்ஸ்கிரீன் வாங்கட்டும், நம்மூர் வெயிலுக்கு அது வீண்போகாது. சுருள் மயிர் தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கட்டி கட்டியாக வந்தால் எந்தக் கிறீமையும் நம்பியிருக்காமல், சில வாரம் தாடியை வளரவிட்டு, தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.