மானுக்குக் குண்டு தேர்ந்தெடுப்பவர்களுக்குக் கழுகு மருத்துவர் சொல்ல விரும்புவது

நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மான் வேட்டைக் காலம் தொடங்கியதும் எங்கள் பறவை மருத்துவமனைக்கு வரும் வெண்தலைக் கழுகுகளின் எண்ணிக்கை கூடிவிடும். ஜனவரி வரை இப்படித்தான். சிறகு தொங்கும், தலை நடுங்கும், நிற்கத் தெம்பிருக்காது, எச்சம் பச்சைப் பசேலென்று இருக்கும். சில கழுகுகளின் கால்விரல்கள் இறுக மூடிக்கொண்டு, நாம் பிரித்தாலும் பிரியாது. கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் "ரோட்டில் அடிபட்டுக் கிடந்தது" என்பார்கள். அடிபட்டது உண்மையாகவே இருக்கும். ஆனால் பல சமயம், ரத்தத்தில் காரீயம் ஏறி, சட்டென்று எழும்பிப் பறக்க முடியாமல் போனதால்தான் அடிபட்டிருக்கும்.

ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மேசை மேல் இருக்கும் சின்னக் கருவியில் வைத்தால் 3 நிமிடத்தில் காரீய அளவு தெரிந்துவிடும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 65 மைக்ரோகிராம் வரைதான் அது எண்ணாகக் காட்டும். அதைத் தாண்டினால் 'ஹை' என்று மட்டும் வரும். அமெரிக்காவில் ஒரு குழந்தைக்கு 3.5 மைக்ரோகிராம் வந்தாலே மருத்துவர் கவனிக்க வேண்டும் என்பது 2021 முதல் உள்ள வழிகாட்டுதல். 'ஹை' என்று வந்த கழுகுக்கு நஞ்சை வெளியேற்றும் ஊசி போடுவோம், குழாய் வழியாக உணவு கொடுப்போம், கதகதப்பாக வைப்போம். இவ்வளவு செய்தும் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. அதை வீட்டுக்காரர்களிடம் சொல்லும் வேலை எனக்கில்லை, கழுகுக்கு வீட்டுக்காரர் யாரும் கிடையாது. அதனால்தான் அதன் சார்பில் எழுதுகிறேன்.

எக்ஸ்ரே எடுத்தால் சில கழுகுகளின் இரைப்பையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அரிசி அளவு இருந்தாலே போதும், அந்தப் பறவையைக் கொன்றுவிடும். கழுகின் வயிற்று அமிலம் எலும்பையே கரைக்கும் வலு உள்ளது. மென்மையான காரீயத்தைக் கரைக்க அதற்கு அதிக நேரம் ஆகாது. பல எக்ஸ்ரேக்களில் புள்ளியே இருக்காது. எல்லாம் கரைந்து ரத்தத்துக்குப் போயிருக்கும், இல்லையென்றால் கழுகு கக்கியிருக்கும்.

இந்தத் துணுக்கு எங்கிருந்து வருகிறது? சுட்ட மானின் குடலையும் உள்ளுறுப்புகளையும் அங்கேயே எடுத்துப் போட்டுவிட்டு உடலை மட்டும் இழுத்து வருவதுதான் வழக்கம். ஏரிகள் உறைந்து மீன் கிடைக்காத நேரத்தில், பனியில் சிவப்பாகக் கிடக்கும் அந்தக் குவியல் கழுகுக்கு மேலேயிருந்தே தெரிந்துவிடும். 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்து 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வில், வெண்தலைக் கழுகு, பொன்னிறக் கழுகு இரண்டிலும் ஏறக்குறைய பாதிப் பறவைகளின் எலும்பில் நாள்பட்ட காரீய நஞ்சு இருந்தது. ஒரே வேட்டைக் காலத்தில் எலும்பில் அவ்வளவு சேராது. வருஷா வருஷம் தின்று சேர்ந்தது அது.

வேட்டையாடுபவர்களைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அடிபட்ட கழுகைச் சட்டையில் சுற்றி, பனியில் மணிக்கணக்காக வண்டி ஓட்டிக் கொண்டு வருபவர்களில் வேட்டைக்காரர்கள் நிறையப் பேர். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அவர்கள் கட்டும் வரிதான் 1937-லிருந்து இந்த நாட்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் பெரிய ஆதாரம். அவர்களிலும் நான் முக்கியமாகப் பேச நினைப்பது தோட்டாவைத் தாங்களே தயாரிப்பவர்களிடம். கடையில் பெட்டியாக வாங்குபவர் அங்கே இருப்பதைத்தான் எடுக்க முடியும். ரீலோடிங் மேசையில் உட்காருபவரோ கேஸ் (பித்தளைக் கூடு), பிரைமர் (அடிபட்டதும் தீ மூட்டும் சின்ன மூடி), மருந்து (வெடிமருந்து), குண்டு (குழலிலிருந்து பறந்து போகும் முனை) நான்கையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார். இங்கே குடியேறிய நம்மவர்களிலும் வேட்டை உரிமம் எடுத்து, பிறகு ரீலோடிங்கிலும் இறங்கிய ஒரு சிலரை எனக்குத் தெரியும். துல்லியத்துக்காக மருந்தை ஒரு கிரெயினில் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) பத்தில் ஒரு பங்குவரை நிறுத்துப் போடுபவர்கள் அவர்கள். அதே அக்கறையைக் குண்டு மானுக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்பதிலும் காட்டச் சொல்கிறேன்.

வழக்கமான மான் குண்டு என்பது மேலே மெல்லிய செம்பு உறை, உள்ளே காரீயம். மானின் உடலில் பட்டதும் முன்பகுதி விரிந்து அகன்ற காயம் உண்டாக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். விரியும்போதே காரீயம் உதிரவும் செய்கிறது. 150 கிரெயின் குண்டு ஒன்று தன் எடையில் 60 சதவீதத்தை மட்டும் தக்கவைத்தது என்றால், 60 கிரெயின், அதாவது ஏறக்குறைய 4 கிராம் உலோகம் அந்த உடலுக்குள் பொடியாகச் சிதறிவிட்டது என்று அர்த்தம். நெஞ்சுக்கூட்டில் சுட்ட மானின் எக்ஸ்ரேயில், குண்டு போன பாதையைச் சுற்றிப் பொடி தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் பரவியிருக்கும். காயத்துக்கு ஒரு சாண் தள்ளிக்கூட இருக்கும். விரல் வைத்துத் தடவினால் எதுவும் தட்டுப்படாது.

இந்தப் பொடி கழுகோடு நிற்பதில்லை, நம் சமையலறைக்கும் வருகிறது. 2008-ல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்குத் தானமாக வந்த மான்கறியை ஒரு மருத்துவர் ஸ்கேன் செய்து பார்த்தார். காரீயத் துணுக்குகள் இருந்ததால் அந்த இறைச்சியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அரசு சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இன்னும் தெளிவானது. காரீயக் குண்டால் சுட்ட 30 வெள்வால் மான்களை எக்ஸ்ரே எடுத்தார்கள். குறைந்தது 15, அதிகபட்சம் 409, சராசரியாக 136 துணுக்குகள். பிறகு அவற்றைக் கடைகளில் கொடுத்து, வழக்கம்போல வெட்டி வாங்கினார்கள். 30-ல் 24 மான்களின் கொத்துக்கறிப் பொட்டலங்களில் உலோகத் துணுக்கு இருந்தது. அந்தக் கறியைத் தின்ற பன்றிகளின் ரத்தத்தில் காரீயம் ஏறியது. வெட்டுபவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாததை அவரால் எப்படி எடுக்க முடியும்? கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பான காரீய அளவு என்று ஒன்று இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

சரி, மாற்று என்ன? முழுக்கச் செம்பாலான குண்டு. 1989-ல் பார்ன்ஸ் நிறுவனம் 'எக்ஸ்' குண்டைக் கொண்டு வந்தபோது குழலில் செம்பு அதிகமாக ஒட்டுகிறது, எல்லாத் துப்பாக்கியிலும் துல்லியம் வருவதில்லை என்ற புகார்கள் இருந்தன. அவை நியாயமான புகார்கள்தான். பிறகு வந்த டிஎஸ்எக்ஸ், டிடிஎஸ்எக்ஸ் வகைகளில் உடலைச் சுற்றிப் பள்ளங்கள் வெட்டி அந்தக் குறையைப் பெரிதும் சரிசெய்துவிட்டார்கள். நாஸ்லர், ஹார்னடி என்று மற்றவர்களும் செம்புக் குண்டு செய்கிறார்கள். இவை மானுக்குள் நான்கு இதழாக விரிந்து, பெரும்பாலும் தம் எடையில் 95 சதவீதத்துக்கு மேல் தக்கவைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறிவிடும். செம்பு நஞ்சேறி என் மேசைக்கு வந்த கழுகு ஒன்றுகூட இல்லை.

ஆனால் காரீயக் குண்டை எடுத்துவிட்டு அதே எடையில் செம்பை வைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். காரீயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.9. ஒரே எடையுள்ள இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள், செம்பு உயரமாக நிற்கும். நீளம் கூடினால் அதைச் சுழற்றி நிலைநிறுத்தக் குழலின் உட்புறம் சுருளாக வெட்டியிருக்கும் வரிகளின் முறுக்கும் வேகமாக இருக்க வேண்டும். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள .243 வின்செஸ்டர் ரகத் துப்பாக்கியில் 100 கிரெயின் காரீயத்துக்குப் பதில் 80 அல்லது 85 கிரெயின் செம்பு போதும். .30-06-ல் 180-க்குப் பதில் 165 அல்லது 150. எடை குறைந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். காரீயம் வழியில் உதிர்த்துவிடும் எடையைச் செம்பு உதிர்ப்பதில்லை, ஆழமாகவே போகும்.

இன்னொன்று, நீளமான குண்டு கேஸுக்குள் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மருந்துக்கான இடம் சுருங்கினால் அழுத்தம் ஏறும். ஆகவே காரீயக் குண்டுக்குப் போட்ட அளவை அப்படியே இதற்குப் போடுவது ஆபத்து. அந்தக் குறிப்பிட்ட குண்டுக்குத் தயாரிப்பாளர் வெளியிட்ட அளவை மட்டுமே எடுங்கள், அதிலும் தொடக்க அளவிலிருந்து மேலே வாருங்கள். குழலின் வரிகளுக்கும் குண்டுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி விடுவதைச் செம்புக் குண்டுகள் பொதுவாக விரும்பும், பார்ன்ஸ் 0.050 அங்குலத்தில் ஆரம்பிக்கச் சொல்கிறது. முதல் செம்புக் குண்டைச் சுடுவதற்கு முன் குழலில் ஒட்டியிருக்கும் பழைய படிவை முழுக்கச் சுத்தம் செய்துவிடுங்கள். இதைச் செய்யாமல் சுட்டுப் பார்த்துவிட்டு "செம்பு சரிவராது" என்று விட்டவர்கள் நிறைய.

தூரத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. பெரும்பாலான செம்புக் குண்டுகள் ஒழுங்காக விரிய, மானில் படும்போது நொடிக்கு 1,800 முதல் 2,000 அடி வேகமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் ஊசி குத்தியது போலத் துளைத்துவிட்டுப் போய்விடும், மான் அடிபட்டு ஓடி எங்கேயோ துடித்துச் சாகும். உங்கள் குண்டுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச வேகம் எது, உங்கள் துப்பாக்கியில் எத்தனை கெஜத்தில் அந்த வேகத்துக்கு இறங்குகிறது என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் சுடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலையும் கொஞ்சம் கூடத்தான். பயிற்சிக்குக் காரீயம், வேட்டைக்கு மட்டும் செம்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு பெட்டி பல பருவங்களுக்கு வரும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் காரீயம் கூடாது. 1982-ல் காண்டோர் என்னும் பெரிய பிணந்தின்னிப் பறவைகள் 22 மட்டும் மிஞ்சியிருந்த மாநிலம் அது. மீட்டுப் பெருக்கிக் காட்டில் விட்ட பிறகும் அவற்றைக் கொல்லும் முதல் காரணம் காரீயம்தான். டென்மார்க்கும் 2024 ஏப்ரலிலிருந்து ரைஃபிள் குண்டிலும் காரீயத்தைத் தடை செய்துவிட்டது. மினசோட்டாவில் மான் வேட்டைக்கு அப்படி ஒரு பொதுவான தடை இல்லை. இங்கே முடிவு உங்கள் கையில்தான்.

இந்தப் பருவத்துக்குக் காரீயத் தோட்டா ஏற்கெனவே தயாராக இருக்கிறது, மாற்ற முடியாது என்கிறீர்களா? குடல் குவியலை ஆழமாகப் புதையுங்கள், தரை உறைந்திருந்தால் பையில் கட்டி எடுத்து வந்துவிடுங்கள். மேலே நாலு கிளையைப் போட்டு மூடினால் கழுகு வராது என்று நினைக்க வேண்டாம், காக்கைகள் இழுத்து வெளியே போடும். குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி ஒதுக்குங்கள், அதை நாய்க்கும் போடாதீர்கள். காயத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் துணுக்கு மற்றப் பக்கங்களுக்கும் பரவும். கடையில் கொடுக்கிறவர்கள், உங்கள் மானை வேறொருவருடைய மானோடு சேர்த்து அரைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.