இரவு ஏழு மணிக்குச் சுடும் கூரை

வீடுகளின் வெப்பத்தையும் மின்செலவையும் அளந்து பார்ப்பது என் வேலை. கோடையில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் மின் கட்டணச் சீட்டைத்தான் நீட்டுகிறார்கள். அதில் இருப்பது ஒரு மாதத்துக்கு ஒரே எண். எந்த நேரத்தில், எந்த அறையில் அந்த மின்சாரம் போனது என்பதற்கு அதில் பதில் கிடையாது.

ஒரு பிப்ரவரியில், இங்கே அது கோடை, மொரீஷியசின் தலைநகரான போர்ட் லூயியில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஏ.சி. பழுதாகிவிட்டது என்று மகன் முடிவுகட்டி, அதைவிடப் பெரியதற்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் துப்புக் கொடுத்தவர் அவருடைய தாயார்தான்: "பகல்கூடப் பரவாயில்லை தம்பி, இரவில்தான் தலைமேல் அடுப்பு வைத்தாற்போல் இருக்கிறது."

வெளியே நிழலில் ஒரு வெப்பமானி, படுக்கையறையில் இன்னொன்று. மூன்றாவதைக் கூரையின் அடிப்பக்கத்தில் ஒட்டினேன். ஏ.சி.க்குத் தனி மீட்டர். கால்மணிக்கொரு பதிவாகப் பத்து நாள் ஓடியது.

வெளியே பகல் ஒரு மணிக்கு 32 டிகிரி உச்சம். கூரையின் அடிப்பக்கமோ இரவு ஏழு மணிக்கு 38 டிகிரி! அதே நேரத்தில் அறைக் காற்று 24. ஏ.சி. தன் வேலையை ஒழுங்காகவே செய்துகொண்டிருந்தது.

1960-இல் அலிக்ஸ், கரோல் என்று அடுத்தடுத்து வந்த புயல்களுக்குப் பிறகு மொரீஷியசில் கான்கிரீட் வீடுகள் பெருகின. நாம் 'தால்' என்று சொல்லும் அந்தத் தட்டைக் கூரை புயலைத் தாங்குகிறது. ஆனால் பகல் வெயிலைக் குடித்துவைத்து, இருட்டிய பிறகு கக்குகிறது. உடல் காற்றை மட்டும் உணர்வதில்லை. சுற்றியுள்ள பரப்புகளின் கதிர்வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், உடுத்திய துணி, செய்யும் வேலை எல்லாம் சேர்ந்துதான் சுகமா புழுக்கமா என்று தீர்மானிக்கின்றன. ஏ.சி.யின் உணரிக்குத் தெரிந்தது காற்றின் வெப்பம் ஒன்றுதான். தேவைக்கு மீறிய பெரிய ஏ.சி. வந்திருந்தால் அறையைச் சட்டென்று குளிர்வித்து, ஈரத்தை முழுதாக உறிஞ்சுமுன் நின்றுவிடும். பிசுபிசுப்பு அப்படியே இருந்திருக்கும்.

விரிசல்களை அடைத்து, தாலுக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொன்னேன். மின்விசிறியை ஓடவிட்டு, ஏ.சி.யை 26-க்கு மாற்றினோம்.

ஏப்ரல் சீட்டில் தொகை குறைந்ததும் மகனுக்கு மகிழ்ச்சி. நான் அதை ஏற்கவில்லை. ஏப்ரலில் வெயிலே தணிந்துவிடுகிறதே! பூச்சுக்கு முன்னும் பின்னும் வெளிவெப்பமும் வெயிலும் ஒத்திருந்த நாட்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஒப்பிட்டேன். கூரையின் உச்சம் ஐந்து டிகிரி இறங்கியிருந்தது. மாலை ஆறிலிருந்து விடியும்வரை ஏ.சி. எடுத்த மின்சாரம் ஒன்பது யூனிட்டிலிருந்து ஆறாகியிருந்தது. இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் "மிச்சம்" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

தீவின் நடுவே மேட்டுநிலத்தில் இருக்கும் கியூர்பிப் வீடுகளின் கதை வேறு. அங்கே குளிர்காலத்து ஈரமும் சுவர்ப் பூஞ்சையும்தான் தொல்லை. ஈரப்பதமானி இல்லாமல் அங்கே நான் வேலையைத் தொடங்குவதில்லை.

வெப்பமானியை வெயில் விழும் சுவரிலோ குளிர்பதனப் பெட்டிக்கு மேலோ வைக்காதீர்கள். கருவி எதுவும் இல்லையென்றால், புது ஏ.சி.க்குப் பணம் கட்டுமுன் ஒரு நாள் இரவு ஏழு மணிக்கு அறைக்குள் ஏணி போட்டு ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள்.