அடைத்த பல்லுக்குள் சொத்தை

"டாக்டரம்மா, இது ஏற்கெனவே அடைச்ச பல்லாச்சே, இதுல எப்படி மறுபடியும் சொத்தை வரும்?" காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்கா கேட்டார். தண்டையார்பேட்டையில் என் கிளினிக்குக்கு வரும் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். சிமெண்ட் வைத்துவிட்டால் அந்தப் பல்லின் கதை முடிந்தது என்ற நம்பிக்கை.

எக்ஸ்ரேயில் அடைப்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது, அதற்கு அடியில், ஈறுப் பக்கமாக, ஒரு கறுப்பு நிழல். எல்லா நிழலும் சொத்தை இல்லை, உள்ளே பூசும் சில மருந்துகளும் அப்படித் தெரியும். ஆனால் இங்கே அடைப்பை எடுத்ததும் உள்ளே பழுப்பு நிறத்தில் ஈரமாக, கருவியால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. வலி? துளியும் இல்லையாம். "அந்தச் சந்துல மட்டும் எப்பவும் மீன் மாட்டிக்கும்மா, தீக்குச்சியால குத்தி எடுத்துடுவேன்" என்றார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சாப்பாடு மாட்டுகிறதென்றால் ஓரம் விட்டுப்போயிருக்கலாம், அப்போதே வந்து காட்டியிருக்கலாம் அக்கா!

பல் நிறத்தில் வைக்கும் காம்போசிட், நீல ஒளியில் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அந்த நேரத்தில் எச்சிலோ ஈறு ரத்தமோ பட்டுவிட்டால் ஓரம் சரியாக ஒட்டாது, முடியைவிட மெல்லிய அந்த இடைவெளியே கிருமிக்குப் போதும், அப்புறம் நாம் குடிக்கும் ஒவ்வொரு டீயின் சர்க்கரையும் அங்கே அமிலமாகும். பல்லின் கெட்டியான மேல் ஓடான எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் மென்மையானது, சொத்தை அதில் வேகமாகப் பரவும்.

இன்னொரு காரணம், அடைக்கும்போதே ஓரங்களில் சொத்தையைச் சரியாகச் சுரண்டாமல் விடுவது. அது தவறுதான். ஆனால் நரம்பை ஒட்டி ஆழமாகப் போன பல்லில், நரம்பு திறந்துவிடக் கூடாதென்று அடியில் கொஞ்சத்தை நாங்களே வேண்டுமென்று விடுவதுண்டு. ஓரமெல்லாம் சுத்தமாக இருந்து இறுக்கமாக மூடினால், தீனி கிடைக்காமல் அந்தக் கிருமி அடங்கிவிடும். அப்படி விட்டால் நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும், நான் சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு நரம்பு தப்பியது, புதிதாக அடைத்தாயிற்று. இன்னும் சில மாதம் போயிருந்தால் ரூட் கெனால், கேப் என்று செலவு ஏறியிருக்கும். உங்கள் வாயில் பழைய அடைப்பு இருந்தால், வலிக்காவிட்டாலும், ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். தனியார் கிளினிக் கட்டாதென்றால் சென்னை முத்துசாமி சாலையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள்.