ஆடிட், தணிக்கை, கணக்காய்வு: மானியப் பணத்துக்கு யார் கணக்குச் சொல்ல வேண்டும்?

தமிழ்நாட்டில் ‘ஆடிட்டர்’ என்பது ஒரு வேலையின் பெயரல்ல, ஓர் ஆளின் பெயர். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருபவர், வங்கிக் கடனுக்குக் காகிதம் தயார் செய்பவர், கம்பெனி பதிவு செய்து கொடுப்பவர் எல்லாருமே ஆடிட்டர்தான். பட்டயக் கணக்கர் என்று பள்ளிப் பாடத்தில் எழுதுவோம்; தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் அரசுப் பணம் வாங்கிய இடத்துக்கு ‘ஆடிட் பார்ட்டி வருது’ என்ற செய்தி வந்தால், அது அந்த ஆடிட்டரைக் குறிக்காது. அப்போது மேசைக்கடியில் கிடந்த வவுச்சர் கட்டெல்லாம் மேலே ஏறும்.

சின்ன ஒப்பந்த வேலை செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி உண்டு: “நாங்க காண்ட்ராக்ட்தான் எடுத்திருக்கோம். பணம் அரசு மானியத்திலிருந்து வருதாம். அப்ப எங்க கணக்கையும் ஆடிட் பண்ணுவாங்களா?” பதில் சொல்வதற்கு முன் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: ஆடிட், மானியம், ஒப்பந்ததாரர்.

முதலில் ஆடிட். ‘ஆடிரே’ என்ற லத்தீன் வினைச்சொல்லுக்குக் ‘காதால் கேட்பது’ என்று பொருள். ஆடியோ, ஆடிட்டோரியம் எல்லாம் இதன் உறவுக்காரர்கள். இடைக்கால இங்கிலாந்தில் பண்ணையை நடத்துகிறவர் வரவு செலவை வாய்விட்டுச் சொல்வார். எதிரே உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள், குறுக்குக் கேள்வி போடுவார்கள். எழுத்தறிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில் கணக்கு என்பது கண்ணுக்கு முன்பே காதுக்குப் போனது. கேட்க உட்கார்ந்தவர் ஆடிட்டர்.

இதை அப்படியே தாங்குகிற வழக்கு தமிழில் இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. ‘கணக்குக் கேட்பது.’ தமிழில் கேள் என்ற ஒரே வினை காதால் கேட்பதற்கும் வாயால் வினவுவதற்கும் வருகிறது. ஆடிட் என்பதில் இருக்கிற இரண்டு வேலையும் அதில் அடங்கிவிடுகின்றன. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் என்ன செய்தார் என்று எந்தப் பெரியவரைக் கேட்டாலும் ‘கணக்குக் கேட்டார்’ என்பார்கள். யாரும் ‘தணிக்கை கோரினார்’ என்று சொல்ல மாட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் ‘கணக்குக் காட்டுவது’. இது இன்னும் பழசு. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலையில் யார் பெயரை எழுதக்கூடாது என்று பட்டியல் போடுகின்றன. அதில் வருகிறவர்களில் ஒருவர், முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர். அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. மைத்துனன் பெயரில் டெண்டர் எடுப்பதெல்லாம் நேற்று வந்த பழக்கமில்லை போலிருக்கிறது.

சரி, தணிக்கை எங்கிருந்து வந்தது? பார்த்தால் அசல் தமிழ் மாதிரிதான் இருக்கிறது. ‘தணி’ என்ற வேரிலிருந்து வந்தது, தவற்றைத் தணிப்பதால் தணிக்கை என்று விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, உண்மையில்லை. இது ‘தன்கீஹ்’ என்ற அரபுச் சொல். அலசிப் பார்த்துத் திருத்துவது என்ற பொருளில் உருது வழியாகத் தென்னாட்டுக் கச்சேரிகளுக்கு, அதாவது அரசு அலுவலகங்களுக்கு, வந்தது. தெலுங்கில் ‘தனிகீ’ என்றால் சோதனை. கன்னடத்தில் ‘தனிகெ’ என்றால் போலீஸ் விசாரணை. தமிழுக்கு வந்தபோது ணகரம் போட்டுக்கொண்டு ஊர்க்காரர் ஆகிவிட்டது. வசூல், பாக்கி, தாசில்தார், ஜமாபந்தி எல்லாம் வந்த அதே கதவுதான். ஜமாபந்தியும் ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் கிராமக் கணக்குகளைப் பார்க்கிற ஏற்பாடுதான் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

தணிக்கை என்ற சொல்லில் எனக்கு உள்ள குறை அதன் பிறப்பல்ல. ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை கொடுத்துவிட்டோம். சினிமாவில் காட்சியை வெட்டுவதும் தணிக்கை, கணக்கைச் சரிபார்ப்பதும் தணிக்கை. முன்னது வெட்டுகிறது, பின்னது எதையும் வெட்டக்கூடாது, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழர்கள் இந்தக் குழப்பத்தில் மாட்டவில்லை. அங்கே அரசு வழக்கே ‘கணக்காய்வு’. கணக்காய்வாளர் தலைமை அதிபதி என்பது அரசியலமைப்புப் பதவியின் பெயர். 2018இல் வந்த சட்டத்துக்குத் தேசிய கணக்காய்வுச் சட்டம் என்று பெயர். பார்த்த உடனே பொருள் விளங்குகிற சொல். தமிழ்நாட்டில் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை, தணிக்கைத் தடை (கணக்கில் எழுப்பும் ஆட்சேபம்), தணிக்கைப் பத்தி என்று அலுவலகம் முழுக்கத் தணிக்கை ஊறிவிட்டது. அதை இனிப் பிடுங்க முடியாது, பிடுங்கவும் வேண்டாம். புதிதாக எழுதுகிறவர்கள் கணக்காய்வு என்று எழுதினால் நல்லது என்பதே என் கட்சி.

அடுத்தது மானியம். ‘மான்ய’ என்ற வடசொல்லில் மதிப்பு, மரியாதை என்ற பொருள் இருக்கிறது. கோயில் மானியம், ஊர்ப்பணி செய்தவர்களுக்கு ஊழிய மானியம் என்று வரியில்லாமலோ குறைந்த வரிக்கோ கொடுத்த நிலத்துக்கு அந்தப் பெயர். கொடுத்தது மரியாதையாகத்தான், ஆனால் சும்மா இல்லை. விளக்கெரிக்கக் கொடுத்த நிலம் என்றால் விளக்கு எரிய வேண்டும். இன்றைக்கு உர மானியமும் மானியம், தொண்டு நிறுவனத்துக்கு அரசு தரும் நிதியும் மானியம் என்று ஆகிவிட்டதால், இரண்டாவதை ‘உதவி மானியம்’ என்று பிரித்துச் சொல்வது வசதி. விளக்கு நிபந்தனை இதில் அப்படியே தொடர்கிறது.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 அந்த நிபந்தனையை எப்படி எழுதியிருக்கின்றன என்று பார்க்கலாம். மானியம் வாங்கிய அமைப்பின் கணக்குகள், பணம் ஒதுக்கிய அதிகாரிக்கும், அமைச்சகத்தின் உள் தணிக்கைக்கும், தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கும் (சி.ஏ.ஜி.) திறந்திருக்க வேண்டும். இதை ஒதுக்கீட்டு ஆணையிலேயே எழுத வேண்டும். ஒருமுறை மட்டும் தரும் மானியமென்றால் நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள், பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்தோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கல்லூரிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் இதை ‘யூசி’ என்பார்கள். ‘யூசி போயாச்சா?’ என்பது மார்ச் தாண்டினால் வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்லப்படும் வாக்கியம். ஆண்டுதோறும் வரும் மானியமென்றால், முந்தைய ஆண்டின் யூசியும் தணிக்கை செய்த கணக்கும் போய்ச் சேரும்வரை, அடுத்த ஆண்டுத் தொகையில் 75 சதவீதத்துக்கு மேல் விடமாட்டார்கள்.

பலரும் வழுக்கி விழும் இடம் வட்டி. மானியப் பணம் வங்கியில் கிடந்த நாட்களில் சேர்ந்த வட்டி, வாங்கியவருடையது அல்ல. கணக்கு முடிந்ததும் இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். ‘வட்டியில்தானே டீ வாங்கினோம்’ என்ற பதில் எடுபடாது.

பணம் ஒதுக்கியவரைத் தாண்டித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே எப்போது வருவார்? அவருடைய கடமைகளையும் அதிகாரங்களையும் வகுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இரண்டு அளவுகோல்களைச் சேர்த்து வைக்கிறது. மானியமும் கடனும் சேர்ந்து ஓராண்டில் 25 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அது அந்த அமைப்பின் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்கும் குறையாமல் இருக்க வேண்டும். ஓர் அறக்கட்டளை ஆண்டுக்கு 50 லட்சம் செலவழிக்கிறது, அதில் 40 லட்சம் அரசு மானியம் என்றால் 80 சதவீதம், வருவார். இன்னொன்று 5 கோடி செலவழிக்கிறது, மானியம் 2 கோடி என்றால் 40 சதவீதம்தான். இந்த வழியில் வரமாட்டார். ஆனால் மானியம் 1 கோடியைத் தொட்டுவிட்டதால், குடியரசுத் தலைவரோ ஆளுநரோ முன்னதாக ஒப்புதல் தந்தால் வரலாம். இந்த இரண்டும் இல்லாவிட்டாலும் 15ஆம் பிரிவு இருக்கிறது: குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காகத் தந்த பணம் என்றால், தந்த அதிகாரி நிபந்தனையைச் சரிபார்த்த விதத்தை அவர் ஆராய்வார், முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்துவிட்டு, வாங்கிய அமைப்பின் ஏடுகளையும் கேட்கலாம்.

இப்போது ஒப்பந்ததாரர். ஒப்பு நம்முடையது, வாலில் ஒட்டியிருக்கும் ‘தார்’ பாரசீகம். மிராசுதார், ஜமீன்தார் வழி வந்தது. சுத்தமாக வேண்டுமென்றால் ஒப்பந்தக்காரர். ஊரில் காண்ட்ராக்டர்.

மேலே சொன்ன 40 லட்ச அறக்கட்டளை, 12 லட்சத்துக்கு ஒரு கூடம் கட்ட ஒருவரிடம் வேலை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் வாங்குவது மானியமா? இல்லை. அது விலை. கட்டினார், காசு வாங்கினார். தணிக்கைக்கு வருகிறவர்கள் அறக்கட்டளையில் உட்கார்ந்து டெண்டர் எப்படி விட்டீர்கள், அளவுப் புத்தகத்தில் எழுதியது சுவரில் இருக்கிறதா, பில்லும் வவுச்சரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். காண்ட்ராக்டர் கொத்தனாருக்கு எவ்வளவு கொடுத்தார், அவருக்கு எவ்வளவு மிஞ்சியது என்பது அங்கே கேள்வியே அல்ல. லாபம் அவருடையது, நஷ்டமும் அவருடையது.

அதே 12 லட்சத்தை இன்னொரு நிறுவனத்திடம் கொடுத்து, ‘தையல் பயிற்சியை நீங்களே நடத்துங்கள், யாரைச் சேர்ப்பது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்று சொன்னால் கதை மாறுகிறது. காகிதத்தில் ஒப்பந்தம் என்று தலைப்புப் போட்டாலும் இது விலையல்ல. மானியமே கைமாறிப் போகிறது. உள்குத்தகை, உள்வாடகை மாதிரி இதை ‘உள்மானியம்’ என்று சொல்லலாம். அகராதியில் தேடாதீர்கள், நான் வைத்த பெயர். இந்தியாவில் இதற்குக் கடிவாளம் கடுமை. அரசு சாராத அமைப்பு மானியம் வாங்கும்போது எழுதிக் கொடுக்கும் பத்திரத்திலேயே, பணத்தை வேறு வேலைக்குத் திருப்பமாட்டேன், திட்டத்தை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கமாட்டேன் என்று உறுதி தர வேண்டும். மீறினால் கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவரும் பொறுப்பு. ஆண்டுக்கு 10 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டிவரும். அறங்காவலராகப் பெயருக்குக் கையெழுத்துப் போட்ட மாமாவும் அதில் சேர்த்திதான்.

அமெரிக்காவில் உள்மானியத்தைத் தடுப்பதில்லை, வகைப்படுத்துகிறார்கள். அங்கே 1984இல் வந்த ‘சிங்கிள் ஆடிட்’ சட்டப்படி, கூட்டரசின் மானியத்தை ஓராண்டில் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் செலவழிக்கும் மாநிலம், உள்ளாட்சி, லாப நோக்கற்ற அமைப்பு எல்லாம் முழுத் தணிக்கைக்கு உட்பட வேண்டும். அந்த வரம்பு 7,50,000 டாலராக இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு 10 லட்சம் டாலர். உள்மானியம் வாங்கிய அமைப்பு செலவழித்த தொகை அதன் வரம்பில் சேரும். காண்ட்ராக்டராக வாங்கிய தொகை சேராது. இரண்டையும் பிரிக்க அவர்கள் பார்ப்பது பத்திரத்தின் தலைப்பை அல்ல, வேலையின் தன்மையை. பயனாளி யார் என்று முடிவு செய்கிறாரா, திட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கிறாரா? உள்மானியம். எல்லாருக்கும் விற்கும் சரக்கைப் போட்டியில் இவருக்கும் விற்றாரா? காண்ட்ராக்டர். உள்மானியம் வாங்கியது லாபம் தேடும் கம்பெனியாக இருந்தால் அந்தச் சட்டம் அதன்மேல் நேராகப் பாயாது; பணம் கொடுத்த அமைப்புதான் தன் ஒப்பந்தத்தில் கணக்குக் கேட்கும் உரிமையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுத மறந்தால் மாட்டுவது அந்த அமைப்பு.

ஆக, காண்ட்ராக்டர் நண்பருக்குப் பதில்: நீங்கள் வாங்கியது விலை என்றால் உங்கள் பேரேட்டை அவர்கள் கேட்கப்போவதில்லை, ஆனால் பில், அளவு, ஜி.எஸ்.டி. காகிதம் மூன்றும் உங்களுக்கு வேலை கொடுத்தவரின் கணக்கில் உட்கார்ந்திருக்கும், அவற்றில் ஓட்டை இருந்தால் உங்களுக்குத்தான் போன் வரும். ஒப்பந்தத்தில் ‘ஏடுகளைப் பார்வையிட அனுமதிக்க வேண்டும்’ என்ற வரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னால் தேடிப் பாருங்கள். இருந்தால் வவுச்சரைப் பத்திரப்படுத்துங்கள்.

காண்ட்ராக்டரே கூடாது என்று வைத்த திட்டமும் ஒன்று இருந்தது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் காண்ட்ராக்டர்களுக்கு இடம் தரவில்லை. கூடவே 17ஆம் பிரிவில் கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை செய்யும் அதிகாரம் கொடுத்தது. வருகைப் பதிவேடு, பில், அளவுப் புத்தகம் எல்லாம் சபை முன் வைக்க வேண்டும் என்றது. இதற்கு வித்திட்டது ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய மக்கள் கேட்புக் கூட்டங்கள்; முதல் கூட்டம் 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் நடந்தது. அங்கே அரசுப் பணிகளின் கணக்கை ஒலிபெருக்கியில் சத்தமாக வாசித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். தன் பெயர் வாசிக்கப்பட்டதும் ஒருவர் எழுந்து, அந்த வேலைக்கு நான் போகவே இல்லையே என்றால், அங்கேயே தணிக்கைத் தடை ஒன்று விழுந்துவிடும்.